தன்னையே கேட்ட தலைவி மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்



மாதம் ஒரு நாள் நம் வகுப்பில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு வரும். ஏறிடுச்சா, உனக்கு ஏறிடுச்சான்னு ஒருத்தி கேட்பாள். இன்னொருத்தி டெஸ்க்குக்கு அடியில் போனைத் திறந்து பார்ப்பாள். ஆயிரம் ரூபாய். புதுமைப்பெண் பணம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேல்படிப்புக்கு வந்த பெண்களுக்கு அரசு கொடுத்த உதவித்தொகை. முதல் தவணை வந்தபோது நான் மினி டிராஃப்டர் வாங்கினேன். மிச்சத்துக்கு ஹாஸ்டலில் எல்லாருக்கும் சமோசா!

அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் திட்டத்தின் முழுப் பெயரைப் படித்தேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். இந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. 2013-ல் எங்க சித்திக்குக் கல்யாணம் ஆனபோது, பத்தாவது பாஸ் பண்ணியிருந்ததால் 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் வந்தது. ராமாமிர்தம் பணம் வந்துடுச்சுன்னு வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த அம்மா யார் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்க அப்பா யாரோ ஒரு மந்திரியின் தாயார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார். நானும் கேட்டதில்லை. பணம் வந்தால் போதாதா? பெயர் எதற்கு?

அந்தப் பெயரைத் தேடிப் போக வைத்தது ஒரு தோல்வி. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

சென்ற புரட்டாசியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கினோம். முதல் நாள் தலைமைப் பண்பு வகுப்பு. நிமிர்ந்து நில், கணீர் என்று பேசு, கண்ணைப் பார்த்துப் பேசு என்று பத்துப் பன்னிரண்டு குறிப்புகள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன். மூன்றாம் நாள் மாலை, நடவு முடிந்து வந்த பெண்களைக் கோயில் வாசலில் உட்கார வைத்துப் பெண் கல்வி பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். நிமிர்ந்து நின்றேன். கணீர் என்று பேசினேன். பத்து நிமிஷம் தடங்கலே இல்லை. முடித்ததும் எங்க அம்மா வயசில் ஒருவர் எழுந்தார். உனக்கென்னம்மா, உங்க வீட்டில் வசதி இருக்கு, படிக்கிறே; என் மக ஒரு நாள் நடவுக்குப் போனால் அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்கும் என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள். அவருடைய மகள் பத்தாவது முடித்து நின்றுவிட்ட பெண். கொஞ்ச தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு வாய் அடைத்துப்போனது. அவர் சொன்னது தப்பு. எங்கள் வீட்டில் வசதியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அதே நாள், அதே நேரம், எங்க அம்மா பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொருத்தர் வயலில் சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தார். அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் பக்கத்தில் என் வகுப்புத் தோழிகள் நின்றார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதியவள் நான். அது பொய்யில்லை. ஆனால் படிக்கிறவர்கள் நிலம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

முகாம் முடிந்து வந்த பிறகு ஒரு மாதம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் பிறந்தது 1883-ல், திருவாரூரில். தந்தை கிருஷ்ணசாமி, தாயார் சின்னம்மாள். வறுமை. தந்தை குடும்பத்தைக் காப்பாற்ற வழியில்லாமல் சென்னைக்குப் போய்விட்டார். தனியாக நின்ற தாயார் ஐந்து வயது மகளை மூவலூரில் ஒரு தேவதாசி அம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கணவரைத் தேடிப் போனார். அதற்குக் கைமாறாகக் கிடைத்தது பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும் என்று அம்மையாரின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பத்து ரூபாய்... நான் இதைப் படித்தது அந்த மாதத்து ஆயிரம் ரூபாய் என் கணக்கில் ஏறிய வாரத்தில்.

மூவலூர் எங்கோ இல்லை. மயிலாடுதுறையை ஒட்டிய ஊர். அங்கே சிவன் கோயில் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். அந்த ஊர்ப் பெயர்தான் பிற்பாடு அவருக்கு முன்பெயராகவே ஒட்டிக்கொண்டது.

பொட்டுக்கட்டுதல் என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. சிறு வயதுப் பெண்ணைக் கோயில் தெய்வத்துக்கு மனைவி என்று சொல்லித் தாலி போன்ற ஒரு பொட்டைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு அவள் வேறு யாரையும் திருமணம் செய்ய முடியாது. கோயிலில் ஆட வேண்டும், பாட வேண்டும். ஆரம்பத்தில் அதற்குப் பெரிய மரியாதை இருந்திருக்கிறது. நம்ம தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு இராஜராஜன் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. பெயர், எந்த ஊர், எந்த வீடு என்று ஒவ்வொருவராக வெட்டி வைத்திருக்கிறார்கள். திருவாரூரிலிருந்து வந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. கோயிலுக்குப் போனால் மேலே விமானத்தை மட்டும் பார்க்காமல் இந்தக் கல்வெட்டு எங்கே என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ராஜாக்கள் போனார்கள், காலம் மாறியது. கோயில் மானிய நிலம் மட்டும் அந்தக் குடும்பங்களோடு இருந்தது. இதில்தான் சூட்சுமம். கோயிலில் பணி செய்ய வீட்டில் ஒரு பெண் இருக்கும் வரைதான் நிலத்தை அனுபவிக்கலாம். பெண் பொட்டுக்கட்டிக்கொள்ளவில்லை என்றால் நிலம் போய்விடும். சொந்தப் பெண் இல்லாத வீட்டில் ஏழைப் பெண் குழந்தையைத் தத்து என்ற பெயரில் வாங்கினார்கள். இன்னொரு பக்கம் நம் டெல்டாவில் நெல் விளைந்து கொழித்த மிராசுதார் வீடுகள். சொத்துக்கு வாரிசாக வந்த இளவட்டங்களுக்கு மைனர் என்று பெயர். சினிமாவில் மைனர் என்றால் ஜிப்பாவும் சென்ட்டுமாக ஒரு சிரிப்பு வேஷம் வருமே, அதேதான். அந்த மைனர்களின் காசுக்குத் தெய்வத்தின் மனைவி பலியானாள். பெயர் பக்தி, நடந்தது வியாபாரம். அந்தக் கணக்கில் ஒரு வரவாகத்தான் ஐந்து வயது இராமாமிர்தம் மூவலூருக்குப் போனார்.

அங்கே அவருக்கு இசையும் நடனமும் எழுத்தும் கற்றுக் கொடுத்தார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் ஏட்டைத் தொடாத காலத்தில் தாசி வீட்டுப் பெண்கள் படித்தார்கள் என்பது ஒரு விசித்திரம். பதினேழு வயதில், வயது முதிர்ந்த ஒருவருக்கு அவரைக் கட்டிவைக்க ஏற்பாடு நடந்தது. அவர் மறுத்தார். தனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த சுயம்பு பிள்ளையைத் திருமணம் செய்துகொண்டார். 1900-ஐ ஒட்டிய வருஷம் அது. வளர்த்தவர்களின் கோபம், ஊரின் ஏச்சு, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். தப்பித்தாயிற்று, குடும்பம் ஆயிற்று. என்னைக் கேட்டால், தப்பித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய ஊரின் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டார்கள். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. நான் எப்படி விற்கப்பட்டேன், யார் விற்றது, யார் வாங்கியது, வாங்கியவருக்கு அதில் என்ன நிர்ப்பந்தம் என்று தன் வாழ்க்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். தாயைத் திட்டிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. தாயை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்று பார்த்தார். அதனால்தான் அவர் கோபம் ஒரு ஆளின் மேல் நிற்காமல் அந்த வழக்கத்தின் மேல் போய் நின்றது.

சிவில் படிக்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சர்வே பிராக்டிக்கலில் லெவலை நிறுத்தியதும் முதலில் எந்த ரீடிங் எடுக்கிறோம்? பேக் சைட். உயரம் தெரிந்த இடத்தில் ஸ்டாஃபை வைத்து எடுக்கிறோம். அது இல்லாமல் ஃபோர் சைட் எத்தனை எடுத்தாலும் அத்தனையும் வெறும் எண். சார் அதற்காக என் அப்சர்வேஷன் நோட்டைத் தூக்கி எறிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கிராமத்தில் நான் செய்ததும் அதுதான். நான் நிற்கிற இடத்தின் மட்டம் என்னவென்றே சொல்லாமல் மற்றவர்களுக்கு உயரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மையார் தன் வேலையைத் தன் சொந்தச் சமூகத்திலிருந்தே ஆரம்பித்தார். தேவதாசிகளின் வீடுகளுக்கு நேரே போனார். பெண்ணுக்குப் பொட்டுக்கட்டாதீர்கள், கல்யாணம் செய்து கொடுங்கள் என்று வாதாடினார். பல பெண்களுக்குத் திருமணமும் நடத்தி வைத்தார். இவர் உள்ளே இருந்து வந்தவர் என்பதால் கதவு திறந்தது. அதே காரணத்தால் வசவும் வந்தது. அந்த வருமானத்தில் வாழ்ந்தவர்கள், அந்த வீடுகளுக்குப் போய் வந்த பெரிய மனிதர்கள் எல்லாருமே எதிரிகள் ஆனார்கள். ஒருமுறை மேடையில் ஏறி அவர் கூந்தலையே அறுத்துவிட்டார்கள் என்றும், அதன் பிறகு அவர் முடி வளர்க்காமல் கிராப்புத் தலையோடுதான் இருந்தார் என்றும் சொல்வார்கள். அறுத்தவன் அவமானம் என்று நினைத்துச் செய்ததை அவர் தன் அடையாளமாக வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில், அந்த வயதில், நம்ம ஊரில்!

பொது வாழ்க்கையில் முதலில் அவர் காங்கிரஸ்காரர். காந்தியின் இயக்கத்தில் சேர்ந்து கதர்ப் பிரச்சாரம் செய்தார். 1923-ல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கொடிக்குத் தடை இருந்ததாம். கொடிகளையே சேர்த்துத் தைத்துப் புடவையாக உடுத்திக்கொண்டு போய் நின்றார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்கிற சம்பவம். 1925-ல் மயிலாடுதுறையில் இசை வேளாளர் மாநாடு கூடுவதற்கு அவர் முன்னின்றார். பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று அந்தச் சமூகமே தன் வாயால் சொல்லத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் எடுபடாமல் போனதால் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அம்மையாரும் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு 42 வயது.

இந்த இடத்தில் இன்னொரு அம்மையாரையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயாரும் இசை வேளாளர் குலம்தான். 1927-ல் சென்னை சட்டசபைக்குப் போனார், துணைத்தலைவரும் ஆனார். மேலே நான் சொன்ன மானிய நில முடிச்சை அவிழ்த்தது அவர் முயற்சியால் 1929-ல் வந்த சட்டத் திருத்தம். பணி செய்தாலும் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே என்று அது சொன்னது. 1930-ல் பொட்டுக்கட்டுவதையே தடுக்க மசோதா கொண்டுவந்தார். சட்டசபைக்குள் அவர், தெருவுக்குத் தெரு இராமாமிர்தம் அம்மையார். ஒருவர் டாக்டர் பட்டம் பெற்றவர். மற்றவர் கல்லூரி வாசலையே பார்க்காதவர்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அப்படியில்லை. தேவதாசிகள் பலரே அந்த மசோதாவை எதிர்த்தார்கள். எங்கள் கலையும் சொத்தும் மரியாதையும் போய்விடும் என்றார்கள். அவர்களில் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் அவர்தான், தன் சொந்தக் காசில். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்று ஆண்கள் சொன்னபோது தனியாகப் பெண்கள் கச்சேரியை நடத்தியவர். அவரை எப்படித் தப்பென்று சொல்வது? ஆராதனை சமயத்தில் திருவையாற்றுக்குப் பஸ் ஏறும்போது இது எனக்குள் ஓடும். சிகரத்தில் இருந்தவர் பார்த்தது கலையை. பத்து ரூபாய்க்கு வந்தவர் பார்த்தது விலையை. இரண்டும் உண்மைதான். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்ற ஒரு விஷயத்தில் நான் அம்மையார் பக்கம்.

1936-ல் அவர் ஒரு நாவல் எழுதினார். தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர். 53 வயதில் முதல் நாவல்! தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. விற்கப்பட்ட பெண்களை மோசக்காரிகள் என்று இவரே சொல்லலாமா? இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்களும் அதைக் கேட்கிறார்கள். ஆனால் தலைப்பின் பின்பாதியைக் கவனியுங்கள். மைனருக்கும் மதி வர வேண்டும் என்கிறது. வலையைப் பற்றி எழுதியவர் வலைக்குள் வளர்ந்தவர். அந்த வீட்டில் காசு எப்படிக் கறக்கப்படுகிறது, தாய்க்கிழவிகள் பெண்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதெல்லாம் வெளியாளுக்குத் தெரியாது. தான் வளர்ந்த வீட்டைத் தானே வெளிச்சம் போட்டுக் காட்ட எத்தனை துணிச்சல் வேண்டும்! 2003-ல் அந்த நாவல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று வந்தபோது திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்கு ஒரு நடைப்பயணம் கிளம்பியது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி புறப்பட்டுச் செப்டம்பர் 11-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். 42 நாள். நம் மாவட்டத்துப் பட்டுக்கோட்டை அழகிரியும் அந்தப் படையில் இருந்தார். நடந்தவர்களில் பெண் என்றால் இராமாமிர்தம் அம்மையார்தான், அதுவும் 55 வயதில். நாம் என்.எஸ்.எஸ். பேரணியில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரிய கோயில் வரை நடந்ததற்கே ஜூஸ் கேட்டவர்கள்! அந்த ஆண்டு நவம்பரில் சென்னையில் மறியல் செய்து டாக்டர் தருமாம்பாள் முதலான பெண்களோடு சிறைக்கும் போனார். ஆறு வாரம்.

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் கடைசியில் 1947-ல் நிறைவேறியது. மசோதா வந்ததிலிருந்து எண்ணினால் 17 வருஷம். மூவலூருக்கு விற்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட 60 வருஷம். அப்போது அவருக்கு வயது 64.

பெரும்பாலும் தலைவர்கள் இந்த வயதில் மாலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர் 1949-ல் இன்னொரு முடிவு எடுத்தார். பெரியாரின் திருமண முடிவு அவருக்கு ஒப்பவில்லை. 24 வருஷம் பின்பற்றிய தலைவரை விட்டு அண்ணாவோடு தி.மு.க.வுக்கு வந்தார். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்த மலர் இடமில்லை, எனக்கு அந்த அனுபவமும் இல்லை. எனக்குப் பட்டது இதுதான். பதினேழு வயதில் வளர்த்தவர்களிடம், 42-ல் கட்சியிடம், 66-ல் தலைவரிடம்... மூன்று முறையும் தன் மனதுக்குச் சரியென்று படாத இடத்தில் அவர் இருக்கவில்லை. தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற பழக்கம் வயதாக ஆக அவரிடம் குறையவில்லை. ஹாஸ்டலில் மெஸ் கமிட்டி மாறினாலே நாம் எத்தனை பேர் வாயைத் திறக்கிறோம்?

1956-ல் அண்ணா அவரைப் பாராட்டி விருது வழங்கினார். 1962 ஜூன் 27-ஆம் தேதி அம்மையார் காலமானார். 79 வயது.

1989-ல் அரசு ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. பிற்பாடு அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. தாலி இல்லாத திருமணத்தை மேடைக்கு மேடை பேசிய இயக்கத்தில் இருந்தவர் பெயரில் தாலித் தங்கம்! சித்தியிடம் சொன்னேன். அதனால் என்ன, அவசரத்துக்கு அடகு வைக்க உதவியதே என்றார். 2022-ல் அந்தத் திட்டம் கல்யாணத்துக்குப் பதில் படிப்புக்கு என்று மாற்றப்பட்டது. சித்திக்குத் தங்கமாக வந்த அதே பெயர் எனக்கு மினி டிராஃப்டராக வந்தது.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்கு மறுபடி போனேன். கூட இரண்டு தோழிகள் வந்தார்கள். பஸ்ஸில் போகும்போதே அவர்களிடம் சொல்லிவிட்டேன். எங்களுக்கு நிலம் கிடையாது, அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போகிறார், அப்பா லோடு ஏற்றுகிறார் என்று. ஒருத்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, எங்க அம்மாவும் கொத்து வேலைக்குச் சித்தாள்தான்டி என்றாள். இரண்டரை வருஷம் ஒரே அறையில் படுத்திருக்கிறோம்.

அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை நான் நிற்கவில்லை. கீழே உட்கார்ந்தேன். குரலும் கணீர் என்று வரவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நடவு நடுகிறவள் முன்னால் நகர்வாளா பின்னால் நகர்வாளா என்று கேட்டார். பின்னால் என்றேன். விரல் இடுக்கைக் காட்டச் சொன்னார். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு போய் வாங்கிய சேற்றுப்புண் தழும்பு இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

நான் படி என்றே சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தோம் என்று மட்டும் சொன்னேன். முதல் வருஷ ஃபீஸுக்கு அம்மா தோட்டை அடகு வைத்தது, முதல் செமஸ்டரில் எனக்கு மேத்ஸில் அரியர் விழுந்தது, மாதாமாதம் வந்த ஆயிரம் ரூபாயில் எது எதற்குப் பணம் போனது, எல்லாம். அந்த அம்மா பத்தாவதில் எத்தனை மார்க் இருந்தால் சேர்ப்பார்கள் என்று கேட்டார். விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டார். சேர்ப்பேன் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்.

அந்தப் பெண் எங்களோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தாள். வழியெல்லாம் பேசவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தாள். ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி இருக்கும் அக்கா என்று கேட்டாள். சாம்பாரைப் பற்றி உண்மையைச் சொன்னேன்.